சபைக்கு அரசு வாரியம் வேண்டாம். சரி... கணக்கு எங்கே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். விசுவாச விஷயத்தில் நான் பழமைவாதி. வேதாகமம் தேவ வார்த்தை, உயிர்த்தெழுதல் நிஜமாக நடந்தது, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் நடப்பது. இதையெல்லாம் காலத்துக்கு ஏற்ப "அப்டேட்" செய்ய வேண்டும் என்கிற கட்சியில் நான் இல்லை. கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "பையன் முற்போக்கு ஆகிவிட்டான்" என்று யாரும் சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

கோயில்களுக்கு இந்து சமய அறநிலையச் சட்டம் (1959) இருக்கிறது. முஸ்லிம்களின் சொத்துக்கு வக்ஃபு சட்டம் (1995) இருக்கிறது. 2025-ல் அதைத் திருத்தினார்கள். கிறிஸ்தவ சபைச் சொத்துக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வாரியம் இல்லை? இந்தக் கேள்வியை டீக்கடையில் யாரோ கேட்கவில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. நாகர்கோவிலில் உள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரி சம்பந்தப்பட்ட வழக்கில், சபைச் சொத்துகளை ஒரு சட்டப்பூர்வ அமைப்பின் கீழ் கொண்டுவருவது பற்றி மத்திய, மாநில அரசுகளின் கருத்தைக் கேட்டது.

அவ்வளவுதான், நம் ஆட்கள் பொங்கிவிட்டார்கள். "சிறுபான்மையினர் உரிமை பறிபோகிறது", "சபைக்கு ஆபத்து", "உபவாச ஜெபம் ஏற்பாடு செய்யுங்கள்".

வாரியம் வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. சபை என்பது அரசாங்கத்தின் ஒரு டிபார்ட்மெண்ட் கிடையாது. இராயனுக்கு உரியதும் தேவனுக்கு உரியதும் வேறு வேறு என்று ஆண்டவரே நாணயத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். விசுவாசிகள் காணிக்கைத் தட்டில் போட்ட பணத்துக்கு, ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிற ஓர் அதிகாரி எஜமானாக இருக்க முடியாது.

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். "வேண்டாம்" என்று சொல்கிற தகுதி நம்மிடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

கதவைத் திறந்தது யார்?

நான் அதிகமாகப் பேசப்போவது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. பற்றி. மற்ற சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகச் சேர்ந்து உருவான சபை இது. நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, அந்த நேரத்தில் பல தரப்புப் பிஷப்மாரும் போதகர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

இன்றைக்கு அதே சபை எதற்காகச் செய்தியில் வருகிறது? 2023-ல் சினட் தேர்தல் நடந்தது. பிஷப்மாரின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கிய சட்டத் திருத்தம் செல்லுமா என்பதில் தொடங்கி வழக்கு, உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற இரண்டு நீதிபதிகளை நியமிக்கிற அளவுக்குப் போனது, பிறகு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. அதே 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் திருமண்டல அலுவலக வளாகத்தில் அடிதடி. போலீஸ் வழக்குப் பதிவு. டி.வி.யில் வீடியோ.

விசுவாசிகள் தங்களுக்குள் வரும் வழக்கை அவிசுவாசிகள் முன்னால் கொண்டுபோகிறார்களே, இது வெட்கக்கேடு இல்லையா என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 6). அந்த அதிகாரத்தை நம் ஆலயங்களில் வாசிக்காமல் விடுவதில்லை. வாசித்து முடித்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

நீதிமன்றம் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வரவில்லை. நாமேதான் வாசல் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, "ஐயா வாங்க, எங்களில் யார் பெரியவன் என்று சொல்லுங்க" என்று கூப்பிட்டோம். வந்தவர், "உங்களுக்கு ஒரு நிரந்தர வாட்ச்மேன் வைக்கலாமா?" என்று கேட்டால் கோபம் வருகிறது.

சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் இத்தனை போட்டி?

பி.காம். படிப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்கிறேன். யாருக்கு என்ன லாபம்?

சபை அமைப்பு இப்படிப் போகிறது. சபைகள் சேர்ந்து சேகரம். சேகரங்கள் சேர்ந்து திருமண்டலம். திருமண்டலத்துக்குப் பெருமன்றம், செயற்குழு, லே செயலர், பொருளாளர். பெருமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்ப நடப்பதுதான் "டி.சி. தேர்தல்". தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அணி, அணிக்கு ஒரு தலைவர், பிட் நோட்டீஸ், கார், கறி விருந்து. எந்தச் சேகரத்தில் எந்தச் சாதி ஓட்டு எத்தனை என்கிற கணக்கும் உண்டு. சட்டமன்றத் தேர்தலுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே கூட்டத்தை ஜெபத்தோடு ஆரம்பிப்பார்கள்.

இந்தப் பதவிகளில் பலவற்றுக்குச் சம்பளம் கிடையாது. பிறகு ஏன் இவ்வளவு போட்டி?

காரணம் பள்ளிக்கூடமும் நிலமும். அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. ஆளை எடுப்பது நிர்வாகம். சம்பளச் செலவு ஒருவருடையது, நியமன அதிகாரம் இன்னொருவருடையது. இப்படி இருக்கிற இடத்தில் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள எக்கனாமிக்ஸ் வேண்டாம், பொது அறிவு போதும். தாளாளர் நாற்காலி பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் ஏன் அவ்வளவு ஜொலிக்கிறது என்பதும் அதில் புரிந்துவிடும்.

அடுத்தது நிலம். சி.எஸ்.ஐ.யின் சொத்துகள் "சர்ச் ஆஃப் சவுத் இந்தியா டிரஸ்ட் அசோசியேஷன்" என்ற பெயரில் இருக்கின்றன. 1947-ல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான, லாப நோக்கமற்ற கம்பெனி அது. கம்பெனி லா பேப்பரில் பிரிவு 8 என்று படிக்கிறோமே, அந்த வகை. நம் தாத்தா பாட்டி கைப்பிடி அரிசி எடுத்து வைத்தும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நூறு மடங்கு விலைக்கு எடுத்தும் சேர்த்த சொத்து இன்று ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அதன் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிற பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். "அப்படின்னா என்ன தம்பி?" என்பார்கள். அது அவர்கள் தப்பில்லை.

மூன்று மருந்து, மூன்றும் போலி

இந்த நோய்க்கு மூன்று மருந்து விற்கிறார்கள்.

முதல் மருந்து, அரசு வாரியம். "அதிகாரி வந்தால்தான் இவனுங்க திருந்துவானுங்க" என்று சபைக்குள்ளேயே பலர் சொல்கிறார்கள், கோபம் நியாயமானதுதான். கேரளாவில் 2009-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்தக் குழு சபைச் சொத்துக்கென்று ஒரு மசோதாவே எழுதிக் கொடுத்தது. ஆனால் எரிகிற வீட்டை அணைக்க ஆற்றைத் திருப்பி விட்டால் வீடும் போகும். அரசியல் சட்டத்தின் 26-ம் பிரிவைக் கவனமாகப் படியுங்கள். மத விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை ஒரு வரி. சொத்தை நிர்வகிக்கும் உரிமை வேறொரு வரி, அதில் "சட்டப்படி" என்கிற நிபந்தனை சேர்ந்தே வருகிறது. 1954-ல் சிரூர் மடம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "சிறுபான்மை, தொடாதே" என்று கத்தினால் மட்டும் சொத்து தப்பாது. நிர்வாகம் நாறினால் சட்டம் வரலாம், வந்தால் செல்லவும் செல்லலாம். முதலில் சொத்து என்று வருவார்கள், பிறகு அந்தச் சொத்தில் நடக்கிற ஊழியம் எது என்று கேட்பார்கள்.

இரண்டாவது மருந்து, கட்சி. "நம்ம ஆட்சி வந்தால் பாதுகாப்பு." டிசம்பர் வந்தால் எல்லாக் கட்சியும் கேக் வெட்டுகிறது, நம் தலைவர்கள் அங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோற்றதும் அதே அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது. கொண்டுவந்ததில் கொள்கை இருந்திருந்தால், தோற்றதற்காக விட்டிருப்பார்களா? இன்னொரு பக்கம், 2007-ல் வேறோர் ஆட்சி கிறிஸ்தவர்களுக்கென்று 3.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. மாலை மரியாதை, நன்றி அறிவிப்பு. ஏற்கெனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிடைத்துக்கொண்டிருந்ததைவிட இது குறைவாகப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, "ஐயா, வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாமே கேட்டு 2008-ல் ரத்து செய்ய வைத்தோம். கணக்குப் பார்க்காமல் கைதட்டினால் இப்படித்தான்.

நம் முன்னோர் இப்படி இல்லை. சேலத்துக்காரர் கே.டி. பால் லண்டன் வட்டமேஜை மாநாடு வரை போனவர், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆன வி.எஸ். அசரியாவும் அதையே சொன்னார். 1949-ல் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, அதை ஆதரித்தவர்களில் சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜியும் சென்னையிலிருந்து போன இயேசு சபைக் குரு ஜெரோம் டிசோசாவும் இருந்தார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள். அவர்கள் எடுத்த முடிவு சரியா தவறா என்று தனியாக விவாதிக்கலாம். ஆனால் அவர்கள் தங்கள் ஜனத்தை ஓட்டு மூட்டையாகக் கட்டி யாரிடமும் விற்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 44 லட்சம் பேர், நூற்றுக்கு ஆறு. இந்த ஆறுக்கு மரியாதை வரவேண்டுமானால் அது நடத்தையால்தான் வரவேண்டும், எண்ணிக்கையால் வராது.

கிறிஸ்தவன் அரசியலுக்குப் போகக்கூடாது என்கிறேனா? தாராளமாகப் போகட்டும். தானியேல் பாபிலோன் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்தானே. ஆனால் கட்சிக் கொடியை வாசலில் வைத்துவிட்டு ஆலயத்துக்குள் வரட்டும்.

மூன்றாவது மருந்துதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அது பக்தி மாதிரியே இருக்கும். "ஜெபம் பண்ணுங்க தம்பி, பேசாதீங்க. அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது." இதைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் நிஜமாகவே நல்லவர்கள். மீதிப் பேருக்கு அது ஒரு வசதி. தாவீது அபிஷேகம் பண்ணப்பட்டவர்தான், நாத்தான் வாயை மூடிக்கொண்டு போனாரா? பேதுரு அப்போஸ்தலர்தான், அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாக பவுல் கண்டிக்கவில்லையா? "வெளியே சொன்னால் எதிரிகளுக்குக் கொண்டாட்டம்" என்பது அடுத்த வாதம். வேதாகமம் தன் சொந்த வீரர்களின் அழுக்கை ஒளிக்காமல் எழுதி வைத்த புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வவுச்சரை ஒளிக்கிறோம்!

அப்படியானால் பழமை எது?

என் சக பழமைவாதிகளுக்கு இந்தப் பகுதி. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சபைகள் திருமணக் கோட்பாட்டில் வழுக்கினால் நாம் இங்கே கண்டனக் கூட்டம் போடுகிறோம். போடலாம், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் கண்காணி எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே அதிகாரத்தில் (1 தீமோத்தேயு 3) ஒரே மனைவி என்ற தகுதியும் இருக்கிறது, பண ஆசை இருக்கக்கூடாது என்ற தகுதியும் இருக்கிறது. முதலாவதை மைக்கில் வாசிக்கிறோம். இரண்டாவது வரும்போது தொண்டையைச் செருமுகிறோம். பாதி அதிகாரத்தை மட்டும் காப்பாற்றுகிறவனுக்குப் பழமைவாதி என்று பெயர் வைக்க முடியாது.

கணக்கு கேட்பது ஏதோ மேற்கத்திய மேனேஜ்மெண்ட் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தைத் திறக்கவும். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது, பவுல் தன்னோடு சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் சேர்த்து அனுப்புகிறார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். ஆடிட்டிங் பேப்பரின் முதல் பாடம் இதுதான். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது, நம் பொருளாளருக்குத் தேவையில்லையாம்.

சாதி பற்றியும் ஒரு வார்த்தை. "பாரம்பரியம்" என்ற பெயரில் அதையும் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. அவர் லிபரல் இல்லை, பக்கா எவாஞ்சலிக்கல். இன்று அணித் தலைவர்கள் சாதிக் கணக்கில் பேனல் போடுகிறார்களே, அவர்கள் 1833-க்கும் பின்னால் போகிறார்கள்.

செய்யக் கூடியவை

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், என் பங்குக்கு ஐந்து:

1. ஒவ்வொரு சேகரத்திலும் வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்த கணக்கை சபை முன்னால் வாசிக்க வேண்டும். வெறும் வரவு செலவு போதாது, அதில் பணம் வந்தது போனது மட்டும்தான் தெரியும். எந்த நிலம் யாருக்கு எத்தனை வருடக் குத்தகையில் இருக்கிறது என்ற சொத்துப் பட்டியலும் வேண்டும்.

2. நிலத்தை விற்பதற்கோ நீண்ட குத்தகைக்கு விடுவதற்கோ முன்னால், வெளி மதிப்பீட்டாளரின் மதிப்பும் காரணமும் எல்லா ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒரு மாதம் ஒட்டப்பட வேண்டும். விற்ற பிறகு தீர்மானம் போடுவது செல்லாது.

3. ஆசிரியர் நியமனத்தில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், தகுதி என்ன, எந்த அடிப்படையில் தேர்வு என்பதை வெளியிட வேண்டும். வேலை கிடைக்காத ஏழை விசுவாசியின் பிள்ளை அதைப் பார்த்து, "சரி, நியாயம்தான்" என்று சொல்ல முடிய வேண்டும்.

4. கட்சிப் பொறுப்பும் திருமண்டலப் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கக்கூடாது. ஏதாவது ஒன்று.

5. சபைத் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும், மனந்திரும்பிச் சபை முன் ஒப்புக்கொள்ளும் வரை திருவிருந்து இல்லை.

ஐந்தாவதைப் படித்ததும் சிலர் நெளிவீர்கள். "இந்தக் காலத்தில் போய்..." அட, இதுதான் சார் பழமை! ஒரு காலத்தில் வெளிப்படையான பாவத்துக்கு சபை ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று இருந்தது. காதல் திருமணம் செய்த பையனுக்கு அந்தச் சட்டம் இன்றும் சில ஊர்களில் பாய்கிறது. ஓட்டு வாங்கியவருக்கு மட்டும் முதல் வரிசையில் நாற்காலி.

இந்த ஐந்தில் எதற்குமே புதிய சட்டம் வேண்டாம், நீதிமன்ற உத்தரவு வேண்டாம், எந்தக் கட்சியின் தயவும் வேண்டாம். நாமே நாளைக்குச் செய்யலாம். செய்யாமல் இருப்பதற்கு ஒரே காரணம், செய்ய வேண்டியவர்கள்தான் அதனால் நஷ்டப்படப் போகிறவர்கள்.

வாரியம் என்று ஒன்று நிஜமாகவே வந்தால், எதிர்த்துத் தெருவில் நிற்க நானும் வருவேன். ஆனால் அன்றைக்கு ஒரு நிருபர் மைக்கை நீட்டி, "உங்கள் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்வோம் என்கிறீர்களே, எங்கே காட்டுங்கள்?" என்று கேட்பார். அப்போது நம் கையில் பேனர் மட்டும் இருந்தால், பக்கத்தில் நிற்கிற என் இந்து நண்பன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

பேனருக்கு முன்னால் பேரேட்டைத் தயார் பண்ணுங்கள்.

(திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். வசன ஆதாரத்தோடு திட்டினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும் :-) )